நாற்பத்திரண்டாவது வரி

செப்டம்பர் 6, சனி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். வெட்கப்பட்டு எதையும் விட மாட்டேன். நோட்டு, கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசாகக் கிடைத்தது. முதல் பரிசு பேனா. உண்மையில் எனக்கு நோட்டுதான் வேண்டியிருந்தது. இது ஆறுதலுக்காகச் சொல்வது அல்ல. (சரி, கொஞ்சம் ஆறுதலுக்காகவும்தான்.)

நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் பலர் "விளக்கை அணைத்தேன்" என்று முடிப்பதைப் படித்திருக்கிறேன். அது பொய். அணைத்த பிறகு எப்படி எழுத முடியும்? நான் அப்படி முடிக்க மாட்டேன்.

அக்கா கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்தாறு நாள். கல்யாணம் முடிந்த நான்காம் நாள் அக்காவும் அத்தானும் விமானம் ஏறுகிறார்கள். அத்தானுக்கு வேலை அங்கே. திரும்பி வர எப்படியும் இரண்டு வருடம் ஆகும் என்கிறார் அப்பா. இரண்டு வருடம் கழித்து எனக்குப் பதினாறு.

எங்கள் அறையில் இரண்டு கட்டில், நடுவில் ஒரு மேஜை விளக்கு. சுவிட்ச் என் பக்கம். தினமும் ஒன்பதரைக்கு அக்கா போர்வைக்குள்ளிருந்து ஒரே வாக்கியம் சொல்வாள்: "லைட்டை அணைடி, புழு." புத்தகப் புழு என்பதன் சுருக்கம். இப்போதும் சொல்லிவிட்டாள். இன்னும் ஒரு வரி என்றேன். "உன் ஒரு வரி எனக்குத் தெரியும்" என்றாள்.


செப்டம்பர் 7, ஞாயிறு

புகைப்படக்காரரைப் பார்க்கப் போனோம். அம்மா அவரைப் படக்காரம்மா என்கிறாள். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கேமரா வாரின் தடம் நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது. ஸ்டூடியோ, சாவி வெட்டும் கடைக்கு மேலே. முக்கியமான எதையாவது சொல்லும்போதெல்லாம் கீழே 'க்ரீ...ச்' என்று ஒரு சாவி தயாராகிறது.

எந்தப் படம் பிடிக்கும் என்று அவர் கேட்கவில்லை. "எது பிடிக்காது? அதை முதல்ல சொல்லு" என்றார் அக்காவிடம்.

அக்கா யோசித்தாள். "சிரிங்க சிரிங்கன்னு சொல்லி எடுக்கிறது. நான் அப்படிச் சிரிச்சா பல்லுவலின்னு நெனைப்பாங்க."

"என் கன்னம் பெருசா தெரியக் கூடாது" என்றாள் அம்மா.

"கன்னத்தைக் குறைக்கிறது கேமரா வேலை இல்லம்மா."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

படக்காரம்மா இரண்டு காரியம் சொன்னார். ஒன்று: வீட்டில் உங்களுக்குப் பிடித்த பழைய படங்கள் ஐந்து கொண்டுவர வேண்டும், அதைப் பார்த்தால் உங்கள் கண் எப்படிப்பட்டது என்று தெரியுமாம். இரண்டு: ஒரு லிஸ்ட். யார் யாரோடு நிற்க வேண்டும் என்று எண் போட்டு எழுதித் தர வேண்டும்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து எங்க சித்தப்பாவைக் காணோம்னு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க. உங்க சித்தப்பா யாருன்னு எனக்கெப்படித் தெரியும்? லிஸ்ட்டுல இருந்தா கண்டிப்பா எடுப்பேன். இல்லைன்னா, அகப்பட்டா உண்டு."

எல்லா முகமும் தெரிந்த ஒருவர் அன்று முழுக்கத் தன் பக்கத்தில் நின்று ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். நானும் அக்காவும் மட்டும். வேறு யாரும் கூடாது. இதை இங்கேதான் எழுதுகிறேன், யாரிடமும் சொல்லவில்லை.


செப்டம்பர் 9, செவ்வாய்

அலமாரியின் மேல்தட்டை இறக்கிப் பழைய படங்களைத் தேடினோம். அக்கா ஐந்து எடுத்துவிட்டாள். நான் இருக்கிற படம் ஒன்றாவது சேர்க்கலாம் என்று பார்த்தால் எல்லாவற்றிலும் என் முகத்துக்கு முன்னால் ஒரு புத்தகம். கேமராவைக் கண்டால் எனக்குக் கை தானாக உயர்ந்துவிடும். ஏழு வயதில் முன்பல் விழுந்தபோது ஆரம்பித்த பழக்கம். பல் முளைத்துவிட்டது, பழக்கம் போகவில்லை.

"உன் பிறந்தநாள் படத்துல கூடப் பாரு, அட்டைதான் தெரியுது. கேக்கை வெட்டினது அகராதி" என்றாள் அக்கா. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு அவள் தன் துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். நான் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். ஒரே பக்கத்தை நாற்பது நிமிடம்.


செப்டம்பர் 17, புதன்

லிஸ்ட் முடிந்தது. நல்ல கையெழுத்தில், ஓரம் விட்டு, நாற்பத்தோரு எண்.

பதினான்காம் எண் மட்டும் ஒரு மணி நேரம் எடுத்தது. பெரியப்பாவும் சித்தப்பாவும் மூன்று வருடமாகப் பேசுவதில்லை. காரணம் ஒரு ஏணி. யார் யாருக்கு இரவல் கொடுத்தது, திரும்பி வந்தபோது ஒரு படி உடைந்திருந்தது யாரால் என்பதில் இரண்டு வரலாறு இருக்கிறது. 'இருவரும் ஒரே படத்தில், ஆளுக்கொரு ஓரத்தில், நடுவில் குறைந்தது ஆறு பேர்' என்று எழுதினேன்.

"ஏழு பேர்னு போடு. பெரியப்பாவுக்குக் கை நீளம்" என்றாள் அம்மா.

இருபத்திரண்டு: அக்காவின் அலுவலகத் தோழிகள். முப்பது: அத்தானின் அம்மா, தனியாக, உட்கார்ந்தபடி, முழங்கால் வலி. இப்படி எல்லாருக்கும் குறிப்பு.

நாற்பத்தொன்றுக்குக் கீழே 42 என்று எண்ணை மட்டும் போட்டு வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன். அங்கே என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நானே எழுதினால் அது நான் கேட்டு வாங்கியது ஆகிவிடும். நாளை அக்காவிடம் படிக்கக் கொடுப்பேன். அவள் கேட்பாள் — இது என்னடி காலியா இருக்கு, நீ எங்கே?

அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.


செப்டம்பர் 18, வியாழன்

அக்கா லிஸ்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். "சூப்பர்டி. ஒருத்தரையும் விடலை" என்றாள்.

வேறொன்றும் கேட்கவில்லை.


செப்டம்பர் 22, திங்கள்

அப்பா லிஸ்டை அலுவலகத்தில் தட்டச்சு செய்து மூன்று பிரதி கொண்டுவந்தார். நாற்பத்தோரு வரி.

"நாற்பத்திரண்டு எங்கப்பா?"

"காலியா இருந்துச்சும்மா. நீ தெரியாம நம்பர் போட்டுட்டேன்னு நெனச்சு எடுத்துட்டேன். ஏன், யாராவது இருக்காங்களா?"

"இல்லப்பா."

ஏன் இல்லை என்று சொன்னேன்? வாய்வரை வந்தது. அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். குனிந்த முதுகைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

கையால் எழுதிய பிரதியை இந்த நோட்டின் பின்னட்டைக்குள் வைத்துவிட்டேன்.


செப்டம்பர் 30, செவ்வாய்

மதிய இடைவேளை நூலகத்தில். யாரும் என்னிடம் பேசவில்லை. நானும் யாரிடமும் பேசவில்லை.


அக்டோபர் 12, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. கால் வலிக்கிறது. நாளை எழுதுகிறேன்.


அக்டோபர் 13, திங்கள்

காலை ஏழு மணிக்கே படக்காரம்மா என்னை மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தார். அப்போது அங்கே விருந்தினர் ஒருவர்கூட வரவில்லை. அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"நீ அக்கா உயரம்தானே? அங்க போய் நில்லு. வெளிச்சம் பார்க்கணும்."

மேடை, மாடிப்படி, ஜன்னலோரம், பக்கவாட்டு நடைபாதை என்று ஒவ்வொரு இடமாக நின்றேன். கை வழக்கம்போல உயர்ந்து லிஸ்டை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தது.

"ஏய் லிஸ்ட்டு, பேப்பரை இறக்கு. உன் மூஞ்சியில விழற வெளிச்சம்தான் எனக்கு வேணும், நீ இல்ல. சிரிக்கவும் வேணாம்."

நான் தேவையில்லை என்று அவர் சொன்னதும் நிம்மதியாக இருந்தது. கையை இறக்கி நின்றேன். அதன்பின் நாள் முழுக்க என் பெயர் லிஸ்ட்டு.

பிறகு ஆட்கள் வந்தார்கள். "லிஸ்ட்டு, அடுத்தது!" என்றதும் நான் ஓடிப்போய்ச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்தும் வாகனங்களுக்கு நடுவிலிருந்தும் மனிதர்களை இழுத்து வருவேன். படக்காரம்மா யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும், "உன் மாப்பிள்ளை இன்னைக்கு எத்தனை தடவை கடிகாரத்தைப் பார்த்தாரு?" என்று கேட்பார். அக்கா சிரித்துவிடுவாள். நிஜச் சிரிப்பு, பல்லுவலி இல்லாதது.

பதினான்காம் எண்ணில் ஒரு கூத்து. கும்பல் பெரிது என்பதால் படக்காரம்மா ஏணியில் ஏறினார். அது ஆடியது. ஏணி என்றதும் என்ன வேகமோ, பெரியப்பா ஒரு ஓரத்திலிருந்தும் சித்தப்பா இன்னொரு ஓரத்திலிருந்தும் ஓடிவந்து ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள்.

"நீ பிடிச்சா ஆடத்தான் செய்யும்" என்றார் பெரியப்பா.

"நான் பிடிக்கலைன்னா விழுந்தே போகும்" என்றார் சித்தப்பா.

மூன்று வருடத்தில் அவர்கள் பேசிய முதல் வாக்கியங்கள் இவை. பதினான்காம் எண் படத்தில் இருவருமே இல்லை. ஆனால் படக்காரம்மா மேலிருந்து நேர்கீழாகவும் ஒன்று எடுத்துவிட்டார்: இரண்டு வழுக்கை, நான்கு கை, ஒரு ஏணி.

நாற்பத்தொன்று முடிந்ததும் அவர் கேமராவுக்கு மூடி போட்டார். "அவ்வளவுதானே?"

மேடையில் அக்கா ஒரு நிமிடம் தனியாக நின்றாள். அத்தான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பத்தடி தூரம்கூட இல்லை.

"அவ்வளவுதான்" என்றேன்.


அக்டோபர் 16, வியாழன்

போய்விட்டாள். விமான நிலையத்தின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் போன பிறகு கை அசைத்தாள். அங்கிருந்து அவள் ஏதோ சொன்னாள், வாய் அசைந்தது, கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் அப்பா தேவையில்லாமல் இரண்டு தடவை கண்ணாடி துடைப்பானைப் போட்டார். மழை இல்லை.


அக்டோபர் 19, ஞாயிறு

அவள் கட்டிலில் துவைத்த துணியைப் போட்டு வைத்திருக்கிறாள் அம்மா. அலமாரியில் பாதி காலி. என் உடைகளை நகர்த்திப் பரப்பி வைத்தேன், பிறகு பழையபடி என் பாதிக்கே கொண்டுவந்துவிட்டேன்.

மூன்று நாளாகக் காலையில் எழுந்தால் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அணைக்கச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அணைக்கத் தோன்றுவதில்லை. "யாருக்குடி காவல் காக்குற?" என்று அம்மா திட்டினாள்.

அக்கா போனில் பேசினாள். அம்மாவிடம் இருபது நிமிடம், அப்பாவிடம் பத்து, என்னிடம் இரண்டு. சாப்பிட்டியா. சாப்பிட்டேன். படிக்கிறியா. படிக்கிறேன்.


அக்டோபர் 25, சனி

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கிற வேலையும் என் தலையில். "நீதானே லிஸ்ட் போட்டே, நீயே போ" என்றாள் அம்மா. ஆயிரத்து நூற்றெண்பது படத்தில் எண்பது எடுக்க வேண்டும்.

இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பிடித்தால் 'ம்', பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றார். ஏணிப் படத்துக்கு இருவரும் ஒரே நேரத்தில் 'ம்' சொன்னோம். அம்மாவின் கன்னத்துக்காகச் சன்னலோரத்தில் எடுத்ததைச் சேர்த்தேன்; பக்கவாட்டு வெளிச்சத்தில் கன்னம் அளவாக இருந்தது. "உனக்குக் கண்ணு இருக்கு" என்றார். இன்று கேட்ட ஒரே நல்ல வார்த்தை.

அறுநூறைத் தாண்டும்போது திடீரென்று கையை நிறுத்தினார். முன்னால் போனார், பின்னால் வந்தார்.

"லிஸ்ட்டு. நீ எங்கே? ஒண்ணுல கூட இல்லையே."

ஒரு மாதத்துக்கும் மேலாக நான் காத்திருந்த கேள்வி. வார்த்தை மாறாமல் அதே கேள்வி. கேட்க வேண்டியவர் கேட்காமல், சம்பந்தமே இல்லாத ஒருவர் வாயிலிருந்து வந்தது.

"என்னை எழுத மறந்துட்டேன்" என்றேன்.

கீழே யாருக்கோ சாவி வெட்டினார்கள்.


அக்டோபர் 26, ஞாயிறு

நேற்று அவரிடம் பொய் சொன்னேன். மறக்கவில்லை. மறந்தவள் எண் போட்டு வைப்பாளா?

இந்த நோட்டில் விடாமல் எழுதுவதாகச் சொன்னேன், ஆகவே எழுதுகிறேன். நான் அக்காவுக்குப் பரீட்சை வைத்தேன். கேள்வித்தாள் கொடுக்காமல் பரீட்சை வைத்தேன். அவள் தேறவில்லை என்று முப்பத்தெட்டு நாளாகக் கோபமாக இருக்கிறேன். மேடையில் அவள் தனியாக நின்றபோது பத்தடி நடந்திருந்தால் போதும். நடக்கலை. ஏன் நடக்கலை? அவ கூப்பிடட்டும்னு. அவ கூப்பிடலை. நான் போகலை. இப்ப யார்கிட்ட போய்ச் சொல்றது? அவ அங்க, நான் இங்க, நடுவுல எத்தனை கடல்னு கூட எனக்குத் தெரியலை—

தெரியும். வரைபடத்தில் பார்த்தேன். இரண்டு.


நவம்பர் 1, சனி

படியேறியதும் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லிவிட்டேன். "மறக்கலை. வேணும்னேதான் எழுதலை."

படக்காரம்மா பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "தெரியும். நாற்பத்தொரு பேருக்கு முழங்கால் வலி வரைக்கும் எழுதினவ தன்னை மறப்பாளா?"

பிறகு வேறொரு கோப்பைத் திறந்தார். வெளிச்சம் பார்க்க எடுத்தவை. முகத்தின் நிறம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆல்பம் முடியும் வரை அழிக்க மாட்டாராம்.

முப்பத்தோரு படம். எல்லாவற்றிலும் நான் மட்டும். காலி மேடையில் நான். காலி மாடிப்படியில் நான். நூறு காலி நாற்காலிக்கு முன்னால் நான். யாரும் வராத கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறவள் போல. முகம் மட்டும் தெளிவாக இருக்கிறது. என் முகம் இப்படித்தான் இருக்குமா? புத்தகம் இல்லாமல் நானே பார்த்ததில்லை.

"உன் அக்காவும் இதே இடத்துல, இதே வெளிச்சத்துல நின்னிருக்கா. ரெண்டையும் ஒட்டிடலாம். பத்து நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது."

செய்தும் காட்டினார். மேடையில் அக்கா. பக்கத்தில் நான். தோளும் தோளும் தொடுகிற மாதிரி. ரொம்ப நேரம் பார்த்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன்? ரெண்டு பேரும் அன்னைக்கு அங்கதானே இருந்தீங்க?"

"ஒரே நேரத்துல இல்லை."

அவர் அதை மூடினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "எத்தனையோ கல்யாணத்துல நின்னிருக்கேன். என்னையும் ஒரு படத்துல தேடினா கிடைக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு, ஆல்பம் செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகும், அதற்கு முன் வேறு ஏதாவது தோன்றினால் வரச் சொன்னார். செவ்வாய்க்குப் பிறகு அந்த முப்பத்தொன்றையும் அழித்துவிடுவார்.


நவம்பர் 2, ஞாயிறு

அம்மா பேசி முடித்து, அப்பா பேசி முடித்து, எனக்கான இரண்டு நிமிடம் வந்தது. "கொஞ்சம் தனியாப் பேசிக்கிறேன்" என்று சொல்லிப் போனை அறைக்கு எடுத்து வந்து கதவைச் சாத்தினேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளைப் பார்த்தார்.

"சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

"அதை விடு. நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாதே."

எல்லாவற்றையும் சொன்னேன். காலி வரி, பரீட்சை, மேடை, பத்தடி. ஒரு தடவை குரல் உடைந்தது. இணைப்பு போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"நாப்பத்திரண்டு காலியா இருந்ததைப் பார்த்தேன்டி" என்றாள்.

"பார்த்தியா?"

"நீ ஒரு எழுத்து தப்பா போட மாட்டே. எண் போட்டு வரியை விட்டிருக்கேன்னா சும்மா விடலைன்னு தெரியாதா? நான் போறேன்னு என்மேல கோபம், என்கூட நிக்கப் பிடிக்கலைன்னு நெனச்சேன். நீ எந்தப் படத்துலதான் மூஞ்சி காட்டியிருக்கே? கேட்டா, வேணாம்னு சொல்லிடுவியோன்னு இருந்துச்சு. வேணாம்னு நீ சொல்லியிருந்தா நான் அங்கேயே அழுதிருப்பேன், புழு."

"மேடையில என்னைப் பார்த்தியே."

"நீ வருவேன்னு பார்த்தேன். நீ அவ்வளவுதான்னு சொல்லிட்டே."

இருவரும் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினோம். அது கேவலமான சத்தம், ஆனாலும் நடந்ததை எழுத வேண்டும்.

பிறகு அவள் சொன்னாள்: "அன்னைக்குக் காலையில நீ நடைபாதையில நின்னே பாரு, வெளிச்சம் பார்க்க. அலங்கார அறைக் கதவைத் திறந்துட்டு நான் பார்த்துட்டே இருந்தேன். முடி பாதிதான் கட்டியிருந்தாங்க, தலை ஆட்டாதீங்கன்னு திட்டிட்டே இருந்தாங்க. நீ கையைக் கீழ இறக்கிட்டு, மூஞ்சியை மூடாம நின்னே. எங்க வீட்டுப் புழுவா இதுன்னு நெனச்சேன். கூப்பிடலாம்னு வாயைத் திறந்தேன், உள்ளே இழுத்துட்டாங்க."

"எந்தக் கதவு?"

"உன் முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சே, அது."


நவம்பர் 3, திங்கள்

பள்ளி விட்டதும் நேராக ஓடினேன். பை முதுகில் குதித்தது. ஸ்டூடியோ பூட்டியிருந்தது. கீழே கடைக்காரர், "ஆறு மணிக்குத்தான் வருவாங்க. உட்காரு" என்று முக்காலியைக் காட்டினார். ஒன்றரை மணி நேரத்தில் பத்தொன்பது சாவி வெட்டினார். நான் எதையும் படிக்கவில்லை.

படக்காரம்மா வந்ததும் "நடைபாதை" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

நடைபாதையில் எடுத்தது ஏழு. முதல் ஆறில் பின்னால் கதவு மூடியிருக்கிறது. ஏழாவதில் திறந்திருக்கிறது. அங்கே வெள்ளையாக ஏதோ. சனிக்கிழமை நான் அதைத் திரைச்சீலை என்று நினைத்திருந்தேன்.

அவர் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

திரைச்சீலை இல்லை. முடி அலங்காரம் செய்கிறவர்கள் தோளில் போர்த்துகிற வெள்ளைத் துணி. அதற்கு மேலே கலங்கலாக ஒரு முகம். ஒரு பக்கம் கட்டிய முடி, இன்னொரு பக்கம் அவிழ்ந்து தொங்குகிற முடி. கண்ணும் மூக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் தலை சாய்ந்திருக்கிற விதம் — அது அக்காதான். கேமராவைப் பார்க்கவில்லை. என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடைபாதையில் வேறு யாரும் இல்லை.

"ஃபோகஸ் இல்லை. கலங்கல். தொழில் தெரிஞ்சவ யாரும் இதை ஆல்பத்துல வைக்க மாட்டா" என்றார் படக்காரம்மா.

நான் 'ம்' என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவரும் 'ம்' என்றார்.


நவம்பர் 4, செவ்வாய்

அச்சுக்குப் போய்விட்டது.


நவம்பர் 21, வெள்ளி

விளக்கு இன்றும் விடிய விடிய எரிந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அறை அதே அறைதான்.


டிசம்பர் 5, வெள்ளி

ஆல்பம் வந்தது. இரண்டு பிரதி. ஒன்று எங்களுக்கு, ஒன்று அக்காவுக்கு. அம்மா கன்னத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டாள். பெரியப்பா வந்து ஏணிப் படத்தைப் பார்த்துவிட்டு, "என் வழுக்கை அவனைவிடச் சின்னது" என்றார். போகும்போது அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டார், பிறகு இரண்டாகக் கேட்டார். இரண்டாவது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

கடைசிப் பக்கம் வந்ததும் அம்மா, "இது யாரு பின்னாடி, திரை மாதிரி?" என்றாள்.

"அக்கா."

அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினாள், ஒவ்வொரு பக்கத்திலும் எதையோ தேடுகிறவள் போல. தேடியது கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில்தான் கிடைத்தது. எழுந்துபோய் அக்காவின் கட்டிலிலிருந்த துணியையெல்லாம் எடுத்து மடித்து வைத்தாள். பிறகு அங்கே உட்கார்ந்து, நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தபால் அலுவலகத்துக்குப் போய் மற்றதை அனுப்பிவிட்டு வந்தார்.


டிசம்பர் 14, ஞாயிறு

அக்காவுக்கு ஆல்பம் கிடைத்துவிட்டது. இன்று முதலில் என்னைத்தான் கேட்டாள்.

"கடைசிப் பக்கத்தைத் திறந்து மேஜையில வெச்சிருக்கேன். உங்க அத்தான், 'இது என்ன, பேய் மாதிரி'ன்னார். ஆமா, என் தங்கச்சிக்குக் காவல் நிக்கிற பேய்னேன்."

நாற்பது நிமிடம் பேசினோம். அங்கே வெளிச்சம் சீக்கிரம் போய்விடுகிறதாம். பக்கத்து வீட்டில் ஒருவருக்கும் இவளோடு பேசத் தோன்றவில்லையாம். மதியம் தனியாகச் சாப்பிடுவாளாம். நான் நூலகத்தைப் பற்றிச் சொன்னேன். இதுவரை அவளிடம் சொன்னதில்லை. அவளும் அவளுடையதை இதுவரை சொன்னதில்லை.

"மணி என்ன அங்க?" என்றாள்.

"ஒன்பதரை."

"அப்புறம் என்ன? லைட்டை அணைடி, புழு."

பின்னட்டையிலிருந்து பழைய லிஸ்டை எடுத்தேன். நாற்பத்திரண்டாவது வரியில் எழுதினேன்: நானும் அக்காவும்.

இனி வருவது இருட்டில் எழுதுவது. எழுத்து கோணலாகப் போனாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் திருத்த மாட்டேன். சுவிட்ச் இருக்கும் இடம் கைக்குத் தெரியும்.

விளக்கை அணைத்தாயிற்று.